வேல்ஸிலிருந்து வந்த காலித் தோட்டா

சுந்தர்ராஜ் யாரையும் சட்டென்று நம்புகிற ஆள் இல்லை. இருபத்திரண்டு வருஷம் ராணுவத்தில் ஆர்மரராக இருந்தவர். துப்பாக்கிகளைப் பிரித்து, பழுது பார்த்து, மறுபடி பூட்டிக் கொடுப்பதுதான் வேலை. அவர் சேர்ந்த இரண்டாவது வருஷம், காலி செய்துவிட்டதாகச் சொல்லி ஒரு சிப்பாய் கொடுத்துவிட்டுப் போன ரைபிள் பட்டறை மேசைமேல் வெடித்தது. பக்கத்தில் நின்ற கூட்டாளியின் கட்டைவிரல் போய்விட்டது. பொய் சொல்லவில்லை, மறந்துவிட்டேன் என்று அந்தச் சிப்பாய் அழுதான். அவன் அழுகையையும் சுந்தர்ராஜ் முழுசாக நம்பவில்லை.

சித்தூரில் மிஷன் காம்பவுண்டுக்குள் பிறந்தவர். நைனா கம்பவுண்டர். பத்தொன்பது வயதில் ஆள் சேர்ப்புக்குப் போய் ஓடி, குதித்து, எழுதித் தேறி, ஹவில்தாராக ஓய்வு பெற்றார். மனைவி ஜெயகுமாரி திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்பதால் அங்கேயே வீடு பார்த்துக்கொண்டார்கள். லைசென்ஸோடு ஓர் இரட்டைக் குழல் துப்பாக்கி வாங்கி, ஒரு பேங்கில் கன்மேன் வேலைக்குச் சேர்ந்தார். காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை வாசலில் நின்று, உள்ளே வருகிறவர்களின் கைகளைப் பார்ப்பார். மலைக்குப் போய்விட்டு மொட்டைத் தலையோடு பணம் எடுக்க வரும் பக்தர்களையும் அப்படித்தான் பார்ப்பார். மேனேஜருக்கு அது பிடித்திருந்தது.

சித்தூரில் மாதம் ஒருமுறை முன்னாள் ராணுவத்தினர் சங்கக் கூட்டம் நடக்கும். செயலாளர் முனிரத்தினம், நகரிக்காரர், சுபேதாராக ஓய்வு பெற்றவர். அந்த வருஷம் பிப்ரவரிக் கூட்டத்தில் அவர் எழுந்து நின்று சொன்னது எல்லோருக்கும் கிலியை உண்டாக்கியது.

"போன்ல பொம்பள பேர்ல மெசேஜ் வரும். மொதல்ல குட் மார்னிங். அப்பறம் எந்த யூனிட்டு, எங்க இருந்தேம்பா. நீயும் பேசிக்கினே போவே. கடசீல ஜெயிலு. அனந்தபூர் பக்கத்துல ஒருத்தன் பென்ஷனும் நின்னு போய் கோர்ட்டுக்கு அலைஞ்சிக்கினு கீறான். ஒருத்தனும் வெளிநாட்டு ஆளுங்களோட ஆயுதத்தப் பத்திப் பேசாதீங்க. எவ்ளோ பழசானாலும் சரி."

சுந்தர்ராஜ் கடைசி வாக்கியத்தில் நெளிந்தார். ஏனென்றால் அவர் பத்து நாளாக அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் ஜெமிமா அவருக்கு ஃபேஸ்புக் வைத்துக் கொடுத்திருந்தாள். பழைய ரைபிள்களைப் பற்றி உலகமெங்கும் இருக்கிற கிறுக்கர்கள் பேசிக்கொள்ளும் ஒரு பக்கத்தை அவர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பார்ப்பார். பேசமாட்டார். ஒருநாள் யாரோ ஒரு படம் போட்டிருந்தார்கள். கல்சுவர் ஓரம் பன்னிரண்டு பேர், கிழிந்த சட்டைகள், தோளில் ரைபிள்கள். ஸ்பெயினில் நடந்த உள்நாட்டுப் போர், 1938. பல நாடுகளிலிருந்து தாங்களாகவே கிளம்பிப் போய் அந்நாட்டு அரசுக்காகப் போரிட்ட தொண்டர் படையினர். எல்லாம் ரஷ்ய ரைபிள் என்று ஆளாளுக்கு எழுதியிருந்தார்கள். சுந்தர்ராஜ் படத்தைப் பெரிதாக்கினார். பதினொரு ரைபிள்களில் விசைக்கு முன்னால் தோட்டா அறை தொந்தி மாதிரி துருத்திக்கொண்டிருந்தது. இடமிருந்து மூன்றாவது ஆளின் ரைபிளில் தொந்தி இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வரி எழுதினார்: "மூன்றாவது ரைபிள் வேறு. அது மாசர், ஜெர்மன் வகை."

அன்று மாலையே தனியாக ஒரு மெசேஜ் வந்தது. பெயர் நெஸ்டா. வேல்ஸ் நாட்டில் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. மூன்றாவது ஆள் என் தாத்தா எம்ரிஸ், உங்களிடம் ஒன்று கேட்கலாமா என்று எழுதியிருந்தாள்.

புகைப்படத்தில் நரைத்த தலை, கம்பளிச் சட்டை. இப்படிப் படம் போடுவது யாருக்கும் பெரிய காரியமில்லை என்று சுந்தர்ராஜ் நினைத்துக்கொண்டார். ஆனால் கேள்வி அவரை இழுத்தது. எம்ரிஸ் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. ஸ்பெயினில் ஒரு மலைச்சரிவில் நடந்த சண்டையில், அவர் வேண்டுமென்றே எதிரியின்மேல் படாமல் சுட்டார் என்று சொந்தப் படைக்காரர்களே குற்றம் சாட்டினார்கள். கோழை என்று முன்வரிசையிலிருந்து விலக்கி, குழி வெட்டப் போட்டார்கள். ஊருக்குத் திரும்பிய பிறகும் அந்தப் பேச்சு அவரோடு வந்தது. அவர் ஒருவரிடமும் மறுத்துப் பேசவில்லை. ஒரு புகையிலை டப்பாவில் சுட்ட பிறகு மிஞ்சிய பித்தளைக் கூடாக ஒரே ஒரு காலித் தோட்டாவை மட்டும் சாகிறவரை வைத்திருந்தார். அது ஏன் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

இதைப் படித்த அன்றே சுந்தர்ராஜ் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினார். அந்தப் படைக்கு எங்கிருந்தெல்லாம் ஆயுதம் வந்தது என்று கிடைத்ததையெல்லாம் படித்துக் குறித்துக்கொண்டார். ரஷ்யாவிலிருந்து, போலந்திலிருந்து, செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து, கிடங்கில் முப்பது வருஷம் தூங்கியதெல்லாம் கப்பலேறி வந்திருந்தது. ஒன்றின் தோட்டா இன்னொன்றில் சேராது. சேராதது பரவாயில்லை, சேருகிற மாதிரி இருந்து சேராததுதான் ஆபத்து என்று அவர் அடிக்கோடிட்டார். ஓர் ஆர்மரருக்கு இதைவிட மோசமான படையை நினைத்துப் பார்க்க முடியாது.

கூட்டத்துக்குப் பிறகு அவர் பதில் எழுதுவதைக் குறைத்தார். ஒவ்வொரு வரியையும் நாலுமுறை படித்தார். தன் யூனிட், வேலை செய்த ஊர், எதையும் சொல்லவில்லை. நெஸ்டாவும் கேட்கவில்லை. கேட்காததே சந்தேகமாக இருந்தது. கைதேர்ந்தவளாக இருந்தால் கேட்கமாட்டாள் அல்லவா?

ஏப்ரலில் அவள் கேட்டாள். "இப்போதும் படைகளில் இப்படித் தோட்டா மாறிப்போகும் பிரச்சினை உண்டா? உங்கள் ராணுவத்தில் எப்படி?"

சுந்தர்ராஜ் போனை அணைத்து மேசை இழுப்பறைக்குள் போட்டார். பிறகு எடுத்து, அவளைத் தடை செய்தார். அன்று மாலையே நகரிக்கு பஸ் ஏறி முனிரத்தினத்தைப் பார்த்தார். விசைத்தறிச் சத்தம் தெருவையே குலுக்கிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. இதைக் கத்திப் பேசுவது சுந்தர்ராஜுக்கு இன்னும் உதைப்பாக இருந்தது.

"எல்லாத்தயும் அழிச்சுடு" என்றார் முனிரத்தினம். "நோட்ட எரிச்சுடு. என்னாண்ட சொன்னதையும் மறந்துடு."

"அழிச்சா தப்பு பண்ணவன் மாரி ஆவாதாண்ணே?"

"வெச்சிருந்தா மட்டும்? ரிஷி மாரி ஆயிடுவியா?"

சுந்தர்ராஜ் எதையும் அழிக்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. ஜெயகுமாரியிடம்கூட, "அந்த வெள்ளக்காரம்மாவோட பேச்ச நிறுத்திட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

"ஏன் நிறுத்தினீங்க? இன்னா கேட்டா?"

"ஒண்ணுமில்ல."

ஜெயகுமாரி அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இருபத்தைந்து வருஷமாக நோயாளிகள் "ஒண்ணுமில்ல சிஸ்டர்" என்று சொல்வதைக் கேட்டுப் பழகியவள்.

ஜூன் மாதம் ஒரு பார்சல் வந்தது. உள்ளங்கை அகலம். வேல்ஸ் முத்திரை. ஆரம்ப நாட்களில் தன் வீட்டுப் பழைய பைபிள் ஒன்றை அனுப்புவதாக நெஸ்டா சொன்னபோது அவரே முகவரி கொடுத்திருந்தார். இதில் பைபிள் இருக்க முடியாது. கையில் எடுத்ததும் எடை தெரிந்துவிட்டது. குலுக்கினார். தகரத்துக்குள் பித்தளை உருளும் சத்தம். அந்தச் சத்தத்தை அவர் தூக்கத்தில்கூட அடையாளம் சொல்வார்.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். லைசென்ஸ் இல்லாத தோட்டா, வெளிநாட்டிலிருந்து, தன் பெயருக்கு. காலியோ முழுசோ, யார் பார்க்கப் போகிறார்கள்? இப்போதே கதவைத் தட்டினால்? வேண்டுமென்றே அனுப்பியிருந்தால்? பிரிக்கவில்லை. சட்டையை மாற்றிக்கொண்டு, பார்சல், போன், நாற்பது பக்க நோட்டு மூன்றையும் துணிப்பையில் போட்டு, ஆட்டோ பிடித்து நேராக போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்.

எஸ்.ஐ. ஸ்ரீதேவிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். சித்தூர்க்காரர், தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவார். சுந்தர்ராஜ் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். எஸ்.ஐ. முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"கூர்ச்சோண்டி" என்று நாற்காலியைக் காட்டினார். "மூணு வாரமா உங்களப் பாத்துக்கினுதான் இருக்கோம். நீங்களே வருவீங்கன்னு நெனைக்கல."

சுந்தர்ராஜ் உட்காரவில்லை. "யார் சொன்னாங்க மேடம்?"

"அது எதுக்கு உங்களுக்கு? இதச் சொல்லுங்க. அழிக்கறதுக்கு நேரம் இருந்துச்சு. ஏன் அழிக்கல?"

"அழிச்சா நீங்க நம்ப மாட்டீங்க."

"அழிக்கலன்னாலும் நம்பல."

"தெரியும் மேடம். அதான் பிரிக்காம எடுத்தாந்தேன். உங்க கையால பிரிங்க."

இரண்டு சாட்சிகளை வைத்துப் பிரித்தார்கள். பச்சை வண்ணம் உரிந்த புகையிலை டப்பா, உள்ளே பஞ்சில் சுற்றிய காலித் தோட்டா, ஒரு கடிதம். நீங்கள் ஏன் பேசுவதில்லை என்று தெரியவில்லை, நான் ஏதாவது தவறாகக் கேட்டிருந்தால் மன்னியுங்கள், அளவு எடுக்க என்னிடம் கருவி இல்லை, இங்கே யாரும் அக்கறை காட்டவில்லை, உங்களை நம்பி அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தது. எஸ்.ஐ. அதை இரண்டு முறை படித்தார்.

"நம்பி அனுப்பறாங்களாம்" என்றார், கடிதத்தை மேசையில் போட்டபடி.

போன் போனது. நோட்டு போனது. இரட்டைக் குழல் துப்பாக்கியையும் ஒப்படைக்கச் சொன்னார்கள். துப்பாக்கி இல்லாத கன்மேனை வைத்துக்கொண்டு பேங்க் என்ன செய்யும்? ஒரே வாரத்தில் வேறு ஆள் வந்து நின்றான். விசாரணை நாலு முறை நடந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவரும் அதே கேள்விகளை வேறு வரிசையில் கேட்டார்கள். சர்ச்சில் இவர் உட்கார்ந்த பெஞ்சில் இடம் தாராளமாகக் கிடைத்தது. மாடிவீட்டுக்காரர் மாடிப்படியில் எதிர்ப்பட்டால் போனில் பேசுவதுபோல் திரும்பிக்கொண்டார்.

சுந்தர்ராஜின் மனதில் ஒரே பெயர்தான் ஓடியது. முனிரத்தினம். நகரியில் சொன்னது அவர் ஒருவரிடம்தானே? "என்னாண்ட சொன்னதையும் மறந்துடு" என்றது இதற்காகத்தானா? ஜூலைக் கூட்டத்துக்குப் போய், முப்பது பேர் நடுவில் கேட்டுவிட்டார்.

"காட்டிக் குடுத்துட்டு இங்க வந்து நாயம் பேசறியா?"

முனிரத்தினத்தின் முகம் செத்துப்போனது. மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது போதாதா, ஒப்புக்கொண்ட மாதிரிதான் என்று சுந்தர்ராஜ் எழுந்து வந்துவிட்டார்.

ஆகஸ்டில் எஸ்.ஐ. அவரைச் சித்தூருக்கு வரச் சொன்னார், போலீஸ் ஆயுதக் கிடங்குக்கு. அங்கே அப்பாவு என்ற ஹெட் கான்ஸ்டபிள் ஆர்மரராக இருந்தார், சத்தியவேடு பக்கத்துத் தமிழர். மேசைமேல் வெள்ளைத் துணி. துணிமேல் அந்தத் தோட்டா.

"நீங்க சொல்றது கதையா நெஜமான்னு எனக்குத் தெரியணும்" என்றார் எஸ்.ஐ. "அப்பாவு அளப்பாரு. நீங்க கைய வெக்காம சொல்லுங்க."

சுந்தர்ராஜ் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். பூதக்கண்ணாடி வழியாக அடிப்பக்கத்தைப் பார்க்கச் சொன்னார். ஸ்பெயின் நாட்டுத் தொழிற்சாலை முத்திரை இருந்தது.

"இது ஏழு மில்லிமீட்டர் தோட்டா. மேல் கழுத்து வெளி அளவு எட்டேகாலுக்குள்ள இருக்கணும். அளங்க."

அப்பாவு வெர்னியர் அளவுகோலை வைத்தார். கண்ணைச் சுருக்கினார். எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். "ஒம்பதாண்ட வருது."

"ஓரத்துல முடி மாரி ஒரு விரிசல் இருக்கா பாருங்க."

"கீது."

சுந்தர்ராஜ் எஸ்.ஐ. பக்கம் திரும்பினார். "மேடம், அந்த ஆளு கையில இருந்தது எட்டு மில்லி மாசர். கூட இருந்தவங்க எல்லாருக்கும் ரஷ்ய ரைபிள். அந்தத் தோட்டா இவனுக்குச் சேராது. மாசருக்குத் தோட்டா வேணும்னு கேட்டிருப்பான். யாரோ ஸ்பெயின் நாட்டு ஏழு மில்லி மாசர் தோட்டாவ எடுத்துக் குடுத்துட்டான். பேரு ஒண்ணு, அளவு வேற. உள்ள போவும். பூட்டும். வெடிக்கும். பெரிய ரைபிளுக்குள்ள வெடிச்சதாலதான் கழுத்து ஒம்பதுக்கு விரிஞ்சு விரிசல் விட்டிருக்கு. ஆனா குண்டு குழலவிட ஒல்லி, சுத்தாது. உள்ளயே லொடலொடன்னு ஆடிக்கினு வெளிய வந்து குறுக்கால பறக்கும். கொட்டாய் சுவரைக் குறி வெச்சாலும் படாது."

"அப்போ நேராத்தான் சுட்டிருக்கான்?"

"நேராத்தான் சுட்டிருக்கான்."

எஸ்.ஐ. சும்மா விடவில்லை. "தெரிஞ்சே தப்புத் தோட்டாவப் போட்டிருந்தா?"

சுந்தர்ராஜ் யோசித்தார். அந்தக் கேள்வியை அவரே கேட்டிருக்க வேண்டும். "இருக்கலாம். தோட்டா அதச் சொல்லாது. ஆனா தெரிஞ்சு பண்ணவன் இத சாவற வரைக்கும் டப்பால வெச்சுக் காப்பாத்துவானா மேடம்? தூக்கிக் கெணத்துல போட்டிருப்பான். இவனுக்கு ஏதோ தப்புன்னு தெரிஞ்சிருக்கு. இன்னா தப்புன்னு சொல்லத் தெரியல."

அப்பாவு தோட்டாவைத் துணியில் வைத்துவிட்டு, "இவரு தொழில்காரரு மேடம்" என்று மட்டும் சொன்னார். எஸ்.ஐ. அளவுகளைத் தானே எழுதி, சுந்தர்ராஜிடம் கையெழுத்து வாங்கினார்.

செப்டம்பரில் நோட்டையும் போனையும் திருப்பிக் கொடுத்தார்கள். அவர் பேரில் ஒன்றுமில்லை என்று முடித்தார்கள். துப்பாக்கி லைசென்ஸ் திரும்பி வர டிசம்பர் ஆனது. பேங்க் வேலை திரும்பி வரவில்லை. ஒரு கல்யாண மண்டபத்தில் வாகனம் நிறுத்துமிடத்தில் மேற்பார்வை வேலை கிடைத்தது. தோட்டாவை மட்டும் தரமுடியாது, மேலிடத்து உத்தரவு வரணும் என்றார் எஸ்.ஐ.

போன் கைக்கு வந்த அன்று நெஸ்டாவின் மேலிருந்த தடையை நீக்கி, ஜெயகுமாரி உதவியோடு இங்கிலீஷில் இரண்டு பக்கம் எழுதினார். அளவுகள், விரிசல், ரைபிள், தனக்குத் தெரிந்தது, தெரியாதது. தோட்டா போலீஸில் இருக்கிறது என்பதையும், தான் ஏன் பேச்சை நிறுத்தினார் என்பதையும் மறைக்காமல் எழுதினார். நாலு நாள் கழித்து நெஸ்டாவின் பதில் வந்தது. ஜெயகுமாரிதான் படித்துச் சொன்னாள். "எங்கள் வீட்டில் அது என்னவென்று தெரியாமலே எண்பது வருஷத்துக்கும் மேல் கிடந்தது. உங்கள் ஊர் ஸ்டேஷனில் என்னவென்று தெரிந்து கிடக்கிறது. அதுவே மேல். என் அப்பாவுக்குத் தொண்ணூறு வயது. உங்கள் இரண்டு பக்கத்தையும் உரக்கப் படித்துக் காட்டினேன். மறுபடி படி என்றார்."

படித்து முடித்தவள் போனைக் கீழே வைக்கவில்லை.

"ஏங்க, ஒண்ணு சொல்லணும். போலீஸ்ல சொன்னது முனிரத்தினம் அண்ணன் இல்ல. நான்தான்."

"நீயா?" என்றார் சுந்தர்ராஜ்.

"எங்க வார்டுல ஒரு சிஸ்டர் வீட்டுக்காரர் கான்ஸ்டபிள். அவராண்ட சொன்னேன். நீங்க ஒண்ணுமில்லன்னு சொன்ன மூஞ்சி சரியில்ல. அந்த அனந்தபூர் ஆளு கதையை நீங்கதான வந்து சொன்னீங்க. எவனோ வந்து பிடிச்சிக்கினு போறதுக்கு முந்தி, நம்ம வீட்லருந்தே சொன்னாங்கன்னு இருக்கட்டும்னு நெனைச்சேன். வேல போவும்னு நெனைக்கல."

"என்னாண்ட கேட்டிருக்கலாமே?"

"கேட்டேன். ஒண்ணுமில்லன்னீங்க."

சுந்தர்ராஜ் அவளோடு இரண்டு நாள் பேசவில்லை. கோபமென்று அவள் நினைத்தாள். கோபம் கொஞ்சம்தான். முப்பது பேர் நடுவில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த ஒரு முகம் அவரைத் தொல்லை செய்துகொண்டிருந்தது.

மூன்றாம் நாள் நகரிக்குப் போனார். முனிரத்தினம் வீட்டு வாசலில் சைக்கிள் டியூபைத் தண்ணீர்ச் சட்டியில் அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. சுந்தர்ராஜ் நின்றபடியே, தறிச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்திச் சொன்னார்.

"அண்ணே, நீ சொல்லல. எனக்கு இப்பதான் தெரியும். தப்பு என்னுது. அடுத்த கூட்டத்துல எல்லார் எதிர்லயும் சொல்றேன்."

முனிரத்தினம் டியூபைச் சட்டியிலேயே விட்டுவிட்டுக் கையைத் துடைத்தார்.

"அன்னிக்கு நான் ஏன் வாயத் தொறக்கலன்னு தெரியுமா? சொல்லிடலாம்னுதான் ரெண்டு தடவ ஸ்டேஷன் வாசல் வரைக்கும் போனேன். எம் பேரும் உன்னோட மாட்டிக்கும்னு பயம். உள்ள போவல. திரும்பி வந்துட்டேன். சொல்லலன்னு சத்தியம் பண்ண மனசு வரல."

இதை நம்புவதா வேண்டாமா என்று சுந்தர்ராஜ் ஒரு கணம் யோசித்தார். பிறகு குனிந்து டியூபை எடுத்து, தண்ணீருக்குள் மெதுவாகத் திருப்பினார்.

"காத்து அடி" என்றார். முனிரத்தினம் பம்பை எடுத்தார்.